நீலக் கம்பளியின் இடது கை

கார்வித் குடாவில் ஐலாவுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஆள் என்னவோ அஞ்சடிகூட இருக்க மாட்டாள். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதும் இல்லை. ஆனால் ஆகஸ்டு மாதத்துச் சாயங்காலங்களில், படகுத்துறைக் கொட்டகையில் அவள் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால், ஊரையே விலைக்கு வாங்குகிற பேர்வழிகூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே வருவான். அவள் எடை சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் முறையிட இடம் இல்லை.

அவளுடைய நீலக் கம்பளிச் சட்டையை ஊரே அறியும். முன்பக்கம் பொத்தான் வைத்தது, இரண்டு பக்கமும் பெரிய பை வைத்தது. வலது கை நன்றாகத்தான் இருக்கும். இடது கையைப் பார்த்தால், பூனைக்கும் அதற்கும் ஏதோ தகராறு போல, நூல் நூலாகப் பிரிந்து தொங்கும். ஒவ்வொரு நூலும் ஒரு ஆளுடைய கண்ணீர் என்று எங்கள் ஊரில் கிண்டலாகச் சொல்வார்கள். கிண்டல்தான், ஆனால் பொய் இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் குடாவில் மோட்டார் போட்டுச் சால்மன் பிடிக்கிறவனை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. பிடிக்கட்டும், தின்னட்டும், அது அவன் பாடு. படகுச் சங்கத்தில் பேர் ஏற வேண்டுமென்றால் வேறு கதை. துடுப்புப் படகில் இரண்டே பேர். ஒருவர் துடுப்பு வலிக்க வேண்டும், ஒருவர் தூண்டில் கம்பைப் பிடிக்க வேண்டும். மரத்தில் செதுக்கிய பொய்மீனைப் பின்னால் இழுத்துக்கொண்டு, நீரோட்டத்தோடு ஊர்ந்து போக வேண்டும். தூண்டில் நரம்பு மெல்லிசாக இருக்க வேண்டும். ஒற்றைக் கொக்கிதான். அந்தக் கொக்கியின் நுனிக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறதே எதிர்முள், அது இருக்கவே கூடாது. கடையில் விற்கிற கொக்கியெல்லாம் எதிர்முள்ளோடுதான் வரும். வாங்கியதும் இடுக்கியால் நசுக்கி மழுக்கிவிட வேண்டும். எதிர்முள் இருந்தால் உள்ளே போன கொக்கி திரும்பி வராது. சின்ன மீனைக் காயமில்லாமல் கழற்றி விடவும் முடியாது, பெரிய மீனுக்குத் தப்பிக்க வழியும் இருக்காது. அப்படிப் பிடிப்பதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற பேர் கசாப்பு.

இவ்வளவும் செய்து, பிடித்த மீன் முப்பது பவுண்டைத் தொட்டுவிட்டால் அது டையீ. தொடாவிட்டால் வெறும் சால்மன், வீட்டுக்கு எடுத்துப் போய் வறுத்துத் தின்னலாம். டையீ பிடித்தவனுக்கு ஐலா முதலில் எடை போடுவாள். பிறகு கொக்கியை வாங்கித் தன் இடது கைக் கம்பளியில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். வழுக்கிக்கொண்டு வந்தால் சுத்தம். நூலைக் கவ்வினால் எதிர்முள் இருக்கிறது, மீன் செல்லாது. சுத்தம் என்றால் கொட்டகை வாசலில் தொங்குகிற பழைய கப்பல் மணியை அவளே அடிப்பாள். மணிச் சத்தம் கேட்டு ஊரே வீட்டுக்கு வெளியே வந்து நிற்கும். பிடித்தவன் தொப்பியில் குத்திக்கொள்ள ஒரு வெண்கலப் பொத்தான் கிடைக்கும். அந்தப் பொத்தானுக்காகச் சொத்தை எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐலாவை இந்த வேலைக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. ஊர்க் கூட்டுறவுக் கடையின் கறிப் பிரிவில் வாழ்க்கையில் பாதியை நின்றே கழித்தவள் அவள். அம்மா செத்த துக்கத்தோடு வந்தவனுக்கும் சரி, கடைக்கு முதலாளியாக வந்தவனுக்கும் சரி, தட்டில் காகிதம் வைத்தால் காகிதத்தின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கறி போட்டாள். "ஐலாகிட்ட கறி வாங்கினா எலும்புகூட உண்மை பேசும்"னு சொல்வார்கள். ஓய்வு பெற்ற மறுவாரமே சங்கத்து ஆட்கள் வீடு தேடி வந்து கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சாவியால் அவளுக்குக் கிடைத்தது பேர் மட்டும் இல்லை. வயிற்றெரிச்சலும் கிடைத்தது. ஒரு வருஷம் எமெட் கிழவர் ஒரு மீனோடு வந்தார். எண்பது தாண்டியவர், மூச்சு இரைக்க இரைக்க வந்தார். துடுப்புப் போட்டது அவர் மகன் லைல். தராசில் தொங்கவிட்டால் இருபத்தொன்பதே முக்கால்.

"கால் பவுண்டு, ஐலா!" என்று லைல் கத்தினான். "வழியிலே ரத்தம் போயிருக்கும். தண்ணி வடிஞ்சிருக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

"போயிருக்கும், லைல். போனதை நான் எப்படி எடை போடுறது?"

"அப்பாவோட நிலைமை தெரிஞ்சுதானே பேசுறீங்க?"

"விடுடா," என்றார் எமெட். "கறி வாங்குறப்பவே இவ இப்படித்தான். அன்னைக்கு நமக்கு அது நல்லா இருந்துச்சு, இல்ல?"

மணி அடிக்கவில்லை. பிப்ரவரியில் எமெட் போய்ச் சேர்ந்தார். ஐலா ஆப்பிள் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போய் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் அந்தப் பாத்திரம் மேலே போட்ட துணிகூடக் கலையாமல் அவள் வாசலுக்கே திரும்பி வந்தது. அன்று அவள் அடுப்படியில் நின்று அழுதாள். அதற்குப் பிறகு லைல் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடையில் எதிரே வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவான். ஆனால் மீன் வருகிற நாட்களில் மட்டும் தவறாமல் கொட்டகைக்கு வந்து, கதவோரம் கைகட்டி நிற்பான். எதற்கு நிற்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். ஐலா என்றைக்காவது ஒருத்தனுக்கு விட்டுக்கொடுப்பாள், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நின்றான்.

அவன் யாரை மனசில் வைத்துக்கொண்டு நின்றான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஐலாவின் புருஷன் ஆல்டன்.

ஆல்டன் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாய் கொள்ளாத சிரிப்புக்காரன். இருபது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு கோடையிலும் படகேறியும், அதுவரை ஒரு டையீ இல்லை. ஒரு தடவை பெரிய மீன் ஒன்றைப் படகுவரைக்கும் கொண்டு வந்தான். கடல்நாய் ஒன்று வந்து கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் தின்றுவிட்டுத் தலையை மட்டும் மிச்சம் வைத்தது. இன்னொரு தடவை நரம்பு அறுந்தது. ஊரில் கேலி பேசாத வாயில்லை.

"தராசையே கட்டிக்கிட்டவன், ஒரு மீனை ஏத்த முடியலையேடா உனக்கு," என்பான் பெர்சி. ஆல்டனுக்குத் துடுப்புப் போடுகிறவன் அவன்தான். குடாவின் வடகரையில் இருக்கிற பூர்வகுடிக் கிராமத்து ஆள். அவன் பாட்டன் காலத்திலிருந்து அந்த நீரோட்டத்தைத் தெரிந்தவர்கள். ஆலையிலும் பக்கத்துப் பக்கத்து யந்திரம்.

"நீ ஏன் பேசமாட்டே? நான் காலையிலே பல்லு விளக்கிட்டு வந்து நின்னாக்கூட முக்கால் பல்லுதான் சுத்தம்னு சொல்லுவா. அவகூட குடும்பம் நடத்திப் பாரு, தெரியும்," என்பான் ஆல்டன். எல்லோரும் சிரிப்பார்கள். ஐலாவும்தான்.

எமெட்டின் மீன் வந்து ஆறாவது வருஷம், அந்தச் சிரிப்புக்கு அடியில் வேறொன்று இருந்தது. வசந்தத்திலேயே ஆல்டனின் கைகள் ஆட ஆரம்பித்துவிட்டன. சும்மா மடியில் வைத்திருந்தால் விரல்கள் தாமாகவே எதையோ உருட்டுவது போல ஆடும். விசித்திரம் என்னவென்றால், தூண்டில் கம்பை இறுக்கிப் பிடித்தால் அடங்கிவிடும். சின்ன வேலை எதுவும் முடியாது. பொத்தான் போட முடியாது, முடிச்சுப் போட முடியாது. நனைமோ நகரத்தில் பார்த்த டாக்டர் நோயின் பேரைச் சொன்னார், மாத்திரை கொடுத்தார். அடுத்த கோடையில் கம்பைப் பிடிக்க முடியுமா என்று ஆல்டன் கேட்டதற்கு அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இந்தக் கோடையை நல்லா அனுபவிங்க"ன்னு மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் ஆல்டன் காரில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். "ஊருல யாருக்கும் தெரிய வேணாம்."

அன்றிலிருந்து கைகள் எப்போதும் சட்டைப் பைக்குள்ளேதான். "குளிருது"ம்பான். ஜூலை வெயிலில் என்ன குளிர் என்று ஒருவனும் கேட்கவில்லை. ஐலாவின் மனசில் மட்டும் ஒன்றே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் அவனுக்கு மீன் விழ வேண்டும். விழாவிட்டால் இனிமேல் இல்லை. அவள் சாமி கும்பிடுகிறவள் இல்லை, ஆனாலும் அந்தக் கோடையில் யாரிடமோ கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு வியாழக்கிழமை. ஆல்டனுக்குப் பிடித்த பொய்மீன் ஒன்று உண்டு, பச்சை முதுகும் வெள்ளை வயிறுமாக. அதன் கொக்கியைத் துரு தின்றுவிட்டிருந்தது. அதை மாற்றுவதற்காக அவன் இரண்டு நாளாகப் பின்கட்டில் உட்கார்ந்து போராடியதை ஐலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கொக்கியைக் கோத்திருக்கிற வளையம் மோதிரத்தில் பாதிகூட இருக்காது. அதை நகத்தால் பிரிக்க வேண்டும். பிரிப்பான், விரல் ஆடும், வளையம் தெறித்துத் தரையில் விழும். குனிந்து தேடுவான். மறுபடி விழும். கடைசியில் கெட்ட வார்த்தை சொல்லி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு உள்ளே வந்தான்.

"மாத்திட்டியா?" என்றாள் ஐலா, ஒன்றும் தெரியாதவள் போல.

"எதுக்கு மாத்தணும்? பழைய கொக்கியே நல்லாத்தான் இருக்கு. இன்னும் பத்து மீன் தாங்கும்."

தாங்காது. பெரிய மீன் ஒரு உதறு உதறினால் ஒடிந்துவிடும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கேட்டால் கொடுக்க மாட்டான், வீம்பு பிடித்தவன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவன் நாற்காலியில் கண்ணயர்ந்தபோது ஐலா மெதுவாகப் பெட்டியைத் திறந்தாள். வளையத்தைப் பிரித்தாள், துருக்கொக்கியைக் கழற்றினாள், புதுசு ஒன்றைக் கோத்தாள். பத்து விநாடி வேலை. பிறகு எதிர்முள்ளை நசுக்குவதற்கு இடுக்கியைக் கையில் எடுத்தாள்.

"ஐலா? அங்கே என்ன பண்றே?"

முழித்துக்கொண்டான். அவள் பொய்மீனைப் பெட்டிக்குள் தள்ளி மூடினாள். இடுக்கி போய்க் கம்பளிச் சட்டைப் பைக்குள் விழுந்தது.

"ஒண்ணுமில்ல, தூசி தட்டுறேன். காபி போடட்டுமா?"

"போடு. சக்கரை கொஞ்சம் கூடப் போடு, டாக்டர் ஒண்ணும் பார்க்கலை."

காபி போட்டாள். பெர்சி வந்து வாசலில் ஹாரன் அடித்தான். ஆல்டன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சக்கரை, காபி, சிரிப்பு, ஹாரன் எல்லாமாகச் சேர்ந்து அந்த ஒரு விஷயம் அவள் தலையிலிருந்து அப்படியே போய்விட்டது. ஊரில் இருக்கிற எல்லோர் கொக்கியையும் சோதிக்கிறவள் அவள். அவள் மாட்டிய கொக்கியைச் சோதிக்க ஒருவரும் இல்லை.

சாயங்காலம் ஓதம் நின்று தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு படகுகள் பாறை முனையை ஒட்டி ஊர்ந்துகொண்டிருந்தன. ஐலா கொட்டகை மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு சத்தம். "மீன்! மீன்!" என்று பெர்சி கத்துகிறான். மற்றப் படகுக்காரர்கள் அவசர அவசரமாக நரம்பைச் சுருட்டிக்கொண்டு விலகினார்கள். ஒருவன் மீனை மாட்டிவிட்டால் மற்றவன் வழிவிட வேண்டும், அது எங்கள் மரியாதை. ஆல்டன் பின்னிருக்கையில் முதுகை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்பு வில்லாக வளைந்திருந்தது. மீன் ஆழம் நோக்கி இழுக்க, பெர்சி அதன் பின்னாலேயே படகைத் திருப்பித் திருப்பி விட்டான்.

"கடல்நாய் வருதுடா! கரைக்கு இழு, கரைக்கு இழு!" என்று யாரோ கத்தினார்கள்.

"வாயை மூடு, அதுக்கும் கேட்டுடப் போகுது!" என்று பெர்சி பதில் கத்தினான்.

ஐலா ஒரு வேலையும் ஓடாமல் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. வலை தண்ணீருக்குள் போய் மேலே வந்தபோது பெர்சி இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. எல்லாப் படகிலிருந்தும் ஒரே கூச்சல். ஆல்டன் கம்பைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி வானத்தைப் பார்த்தான். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவன் சிரிப்பது அவளுக்குத் தெரிந்தது.

கொட்டகை நிறைந்துவிட்டது. படகிலிருந்து ஏறியவர்கள், சத்தம் கேட்டு வந்தவர்கள், கதவோரம் வழக்கம்போல லைல். பெர்சி மீனைத் தூக்கித் தராசுக் கொக்கியில் மாட்டினான். முள் ஆடி ஆடி நின்றது.

"முப்பத்து மூணரை," என்றாள் ஐலா.

கொட்டகை அதிர்ந்தது. யாரோ ஆல்டன் முதுகில் ஓங்கி அறைந்தார்கள். "அடப்பாவி, கடைசியில பிடிச்சே பிடிச்சிட்டியே!" "ஐலா, தராசை இன்னொரு தடவை பாரு, உன் புருஷன் காலை வச்சு அழுத்துறானான்னு பாரு!" ஆல்டன் கைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து போய், சின்னப் பிள்ளை போல நின்றான். கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஐலா பார்த்ததில்லை. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை எடுப்பதற்காகச் சட்டைப் பைக்குள் கையை விட்டாள்.

விரலில் இடுக்கி தட்டியது.

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. வளையம், புதுக் கொக்கி, தூசி தட்டுறேன், சக்கரை. தராசு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தா, உன் சட்டைக்குச் சாப்பாடு," என்று பெர்சி பொய்மீனை நீட்டினான்.

வாங்கினாள். விளக்குக்குக் கீழே புதுக் கொக்கி பளபளத்தது. நுனிக்குக் கீழே எதிர்முள் முழுசாக நின்றது. பக்கத்தில் நிற்பவன் பார்த்தால் தெரியும். தள்ளி நிற்பவனுக்குத் தெரியாது. கட்டை விரலால் மறைத்துக்கொண்டு கம்பளிக்கு மேலே காற்றில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், ஒருவனும் கேட்க மாட்டான். மணியை அடிக்கலாம். இன்னொரு கோடை இல்லாத மனுஷன் அவன்.

"என்ன ஐலா, தூங்கிட்டியா? இழு. மணிக்குக் காது ஏங்குது," என்றான் ஆல்டன்.

அவள் தலையைத் தூக்கினாள். எதிரே லைல். கதவோரத்திலிருந்து எப்போது நகர்ந்து வந்தானோ, தராசுக்கு இந்தப் பக்கம் நின்றான். அவன் கண் அவள் கையில் இருந்தது. பார்த்துவிட்டான். ஆறு வருஷமாகக் காத்திருந்தது கிடைத்துவிட்டது அவனுக்கு. இனிமேல் கத்துவான் என்று நினைத்தாள்.

அவன் கத்தவில்லை. மேசைமேல் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "மணியை அடிச்சிடுங்க, ஐலா," என்றான்.

"உங்க அப்பாவுக்கு அடிக்கலையே, லைல்."

"அதனாலதான் சொல்றேன். இவருக்காவது அடிங்க."

ஐலா அவனைப் பார்த்தாள். இவ்வளவு நல்லவனாக இருப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும். எமெட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இதே இடத்தில் நின்றது அவள் கண் முன்னால் வந்தது. இடது கையை நீட்டினாள். கொக்கியைக் கம்பளியில் வைத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, ஒரே இழுப்பு இழுத்தாள்.

கவ்வியது. மறுபடி இழுத்தாள். கம்பளி கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு வந்ததே தவிர, கொக்கி வரவில்லை.

பெர்சி குனிந்து கொக்கியைப் பார்த்தான்.

"மீன் செல்லாது," என்றாள் ஐலா. "கொக்கியை மாத்துனது நான். இன்னைக்கு மத்தியானம். நசுக்க மறந்துட்டேன். ஆல்டனுக்குத் தெரியாது, பெர்சிக்கும் தெரியாது. தப்பு முழுக்க என்னுது."

"ஆல்டன் கொக்கியை நீ எதுக்கு மாத்துனே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் தூண்டிலை இன்னொருவர் தொடுவதில்லை, அதனால் கேட்டான்.

ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று ஆல்டன் சொன்ன ஒரு வார்த்தையை ஐலா காப்பாற்ற வேண்டும். கேட்டவனுக்குச் சொல்ல ஒரு பொய்யும் அவளிடம் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தராசையே பார்த்தாள்.

ஆல்டன் முன்னால் வந்தான். அவன் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் வடிந்து போயிருந்தது. பைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து விளக்குக்குக் கீழே நீட்டினான். அவை ஆடின. கோடை முழுக்க ஒளித்து வைத்திருந்ததற்கும் சேர்த்து ஆடின.

"இதுக்காகத்தான் மாத்துனா," என்றான். "போதுமா?"

கேட்டவன் தலையைக் குனிந்துகொண்டான். பெர்சி தொப்பியைக் கழற்றிவிட்டு, "எனக்கு ஜூன்லயே தெரியும்டா, கழுதை," என்றான். சொல்லும்போதே அவன் கண் கலங்கியது.

கொக்கி இன்னும் ஐலாவின் கைக் கம்பளியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆல்டன் அதை எடுக்கப் பார்த்தான். அவன் விரலுக்கு அது பிடிபடவில்லை. யாரும் உதவிக்கு வரத் துணியவில்லை. கடைசியில், "அறுத்துடு," என்றாள் ஐலா. பெர்சி கத்தியைக் கொடுத்தான். லைல் கம்பளியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டான். ஆல்டன் இரண்டு கையாலும் கத்தியை இறுக்கிப் பிடித்து, கொக்கியைச் சுற்றி ஒரு துண்டுக் கம்பளியை அறுத்து எடுத்தான். மணியை யாரும் தொடவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆல்டன் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கதவை மட்டும் படார் படாரென்று சாத்தினான். சனிக்கிழமை காலையில் ஐலாவுக்குப் பொறுக்கவில்லை.

"உன் மீனைக் கெடுத்துட்டேன். திட்டணும்னா திட்டு, இப்படி இருக்காதே."

"மீனுக்காகன்னு நினைச்சியா?" என்று பாய்ந்தான். "மீன் போகட்டும். கொக்கியை மாத்திட்டு என்கிட்டே தூசி தட்டுறேன்ங்கிறே. என்னை நோயாளியாக்கிட்டே இல்ல? 'ஆல்டன், குடு, நான் மாத்தித் தர்றேன்'னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

ஆல்டன் வாயைத் திறந்தான். யோசித்தான். "மாட்டேன்," என்றான்.

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு முடிகிற இடத்தில் ஐலா அழுதாள். அவன் ஆடுகிற கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "சரி, சரி, விடு. ஒண்ணு மட்டும் சொல்றேன். நீ மணி அடிச்சிருந்தா, நான் பின்னாடி தெரிஞ்சுக்கிட்டிருந்தா, உன்னை மன்னிச்சிருக்கவே மாட்டேன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் தீ மூட்டி மீனைத் தேவதாருப் பலகையில் வைத்துச் சுட்டார்கள். கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் சாப்பிட வந்தார்கள். லைலும் வந்தான். கையில் ஒரு பாத்திரம், மேலே துணி. ஐலா துணியை நீக்கிப் பார்த்தாள், ஆப்பிள் பணியாரம். ஓரமெல்லாம் கருகியிருந்தது.

"நானே சுட்டது," என்றான் லைல், தரையைப் பார்த்துக்கொண்டு. "நல்லாயிருக்காது."

"நல்லாத்தான் இல்ல," என்றாள் ஐலா ஒரு வாய் தின்றுவிட்டு. இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டாள்.

மிச்ச நாளெல்லாம் ஆல்டன் படகேறினான். கொக்கியை இப்போது ஐலா துறையிலேயே, எல்லோர் முன்னாலும் மாட்டினாள், பெர்சி இடுக்கியால் நசுக்கினான், ஆல்டன் பக்கத்தில் நின்று குறை சொன்னான். மீன் விழவில்லை. டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னது அடுத்த கோடையில் சரியாகத்தான் ஆயிற்று. கம்பு அவன் கையில் நிற்கவில்லை.

இப்போது சாயங்காலங்களில் அவன் கொட்டகை வாசலில், மணிக்குக் கீழே, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். கைகள் மடியில் ஆடிக்கொண்டிருக்கும், அவற்றை அவன் ஒளிப்பதில்லை. தொப்பியில் எல்லோரும் வெண்கலப் பொத்தான் குத்துகிற இடத்தில் அந்தக் கொக்கி குத்தியிருக்கும். எதிர்முள் முழுசாக இருக்கும். அதில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு நீலக் கம்பளி. ஐலாவின் சட்டையின் இடது கையில் அதே அளவுக்கு ஓட்டை, அவள் அதைத் தைக்கவே இல்லை.

போன வாரம் வெளியூர்க்காரன் ஒருவன், தன் பொத்தானைப் புதுசாகக் குத்திக்கொண்டு வந்தவன், ஆல்டனின் தொப்பியைப் பார்த்துவிட்டு நின்றான்.

"இது எந்தச் சங்கத்துப் பதக்கம் பெரியவரே? நான் பார்த்ததே இல்லையே?"

"எப்படிப் பார்த்திருப்பே?" என்றான் ஆல்டன். "உன் பொத்தான் இந்த ஊர்ல வீட்டுக்கு ஒண்ணு இருக்கு. இது ஒருத்தனுக்குத்தான் கிடைச்சிருக்கு. குடுத்தவ உள்ளேதான் நிக்கிறா, போய்க் கேட்டுப் பாரு. எவ்வளவு கெஞ்சினாலும் உனக்குத் தர மாட்டா."